கூட்டிக்கொண்டு போனவன் யார் என்று எழுதுங்கள்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

அண்மையில் உங்கள் நாளிதழில் ஓர் உடம்புப்பிடி நிலையத்தில் போலீஸ் நடத்திய சோதனைச் செய்தி வந்தது. கால் பக்கத்துக்குப் படம். பெண்கள் சுவரோரம் வரிசையாகக் குந்தியிருக்கிறார்கள். தலைமுடியை முன்னால் இழுத்துவிட்டு முகத்தை மறைத்திருக்கிறார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றி மடியில் வைத்துப் பிடித்திருக்கிறாள். எத்தனை பேர், எந்தெந்த நாட்டார், என்ன வயது, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வெள்ளி என்றுகூட எழுதியிருந்தீர்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து இறக்கியவன் யார் என்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நீளம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் அமெரிக்கக் கதையை வெட்டுங்கள், நம் ஊர்க் கதையை விட்டுவிடுங்கள்.

நான் சுங்கை சிப்புட்டில் இருப்பவன். பிறந்தது பக்கத்துத் தோட்டத்து லயத்தில். அப்பா அம்மா இரண்டு பேரும் ரப்பர் பால் எடுக்கக் கித்தா மரம் வெட்டினார்கள். அந்தத் தோட்டம் செம்பனைக்கு மாறி, பாதி நிலம் வீடமைப்புக்குப் போய், இப்போது கோயிலும் தமிழ்ப்பள்ளியும்தான் பழைய இடத்தில் நிற்கின்றன. நான் முதலில் பால் லோரி, பிறகு பாக்டரி பஸ், கடைசியில் பள்ளி வேன் என்று ஸ்டீயரிங்கைப் பிடித்தே காலத்தைத் தள்ளியவன். சட்டம் படித்தவனில்லை. ஆனால் ஆளேற்றுகிற தொழில் எனக்குத் தெரியும். யார் எங்கே ஏறினார், யார் ஏற்றிவிட்டார், காசு யார் பையிலிருந்து வந்தது, இறங்கும் இடத்தில் யார் காத்திருந்தார், இதெல்லாம் வண்டி ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தப்பாது. ஆகவே ஆளை ஏற்றிப்போவதையே குற்றமாக்குகிற சட்டம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது, மற்றவர்களைவிட நான் கொஞ்சம் கூடுதலாகவே காது கொடுத்தேன்.

கேள்விப்பட்டது ஒட்டுக்கடையில். 2025 அக்டோபரில் அமெரிக்க ராப் பாடகர் ஷான் கோம்ப்ஸுக்குத் தண்டனை சொன்ன நேரம். அதற்கு முன் ஜூலையில், பெரிய குற்றச்சாட்டுகளான கும்பல் நடத்தியது, பலவந்தமாகப் பாலியல் கடத்தல் செய்தது ஆகியவற்றிலிருந்து ஜூரி அவரை விடுவித்துவிட்டது. ஆனால் விபசாரத்துக்காக ஆட்களைக் கொண்டுபோனார் என்ற இரண்டு குற்றச்சாட்டுகளில் மாட்டிக்கொண்டார். அக்டோபரில் 50 மாதச் சிறை, 5 லட்சம் டாலர் அபராதம். "பெரிய கேஸ்ல விடுதலை ஆயிட்டான், அப்புறம் டிக்கெட் போட்டுக் கொடுத்ததுக்கு நாலு வருஷமா?" என்று ஒருவர் கேட்க, "வெள்ளைக்காரன் சட்டம் அப்படித்தான், கறுப்பன்னா ஒரு மாதிரி" என்று இன்னொருவர் சொல்ல, தே தாரிக் ஆறிப்போகும் அளவுக்குச் சண்டை. என் பேத்தி சட்டம் படிக்கிறாள். வீட்டுக்கு வந்து அவளைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். சண்டை போட்ட இரண்டு பேர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது.

அந்தச் சட்டத்துக்கு மான் சட்டம் என்று பெயர். இல்லினாய்ஸ் மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் ராபர்ட் மான் கொண்டுவந்தது. 1910 ஜூன் 25-இல் அதிபர் டாஃப்ட் கையெழுத்திட்டார். வெள்ளை அடிமை வாணிபச் சட்டம் என்றும் அதைச் சொன்னார்கள், யாருக்காகப் பயந்தார்கள் என்பது அதிலேயே தெரிகிறது. அமெரிக்காவில் குற்றங்களைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மாநிலங்களின் வேலை. விபசாரத்தைப் பற்றி வாஷிங்டன் நேரடியாகச் சட்டம் போட முடியாது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் நடக்கும் போக்குவரத்தும் வாணிபமும் அரசியலமைப்புப்படி கூட்டரசின் கையில் இருக்கின்றன. அதனால் வீட்டுக்குள் நடப்பதை விட்டுவிட்டு ரயிலைப் பிடித்தார்கள். ஒரு பெண்ணை அந்தக் காரியத்துக்காக மாநில எல்லை தாண்டிக் கூட்டிப்போனால், அல்லது பயணச்சீட்டு எடுத்துக்கொடுத்தால் கூட்டரசுக் குற்றம். 1913-இல் அவர்களின் உச்ச நீதிமன்றமும் இது செல்லும் என்று சொல்லிவிட்டது.

நம் நாடும் கூட்டரசுதான், ஆனால் நமக்கு அந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை. ஷரியா விவகாரங்களைத் தவிர்த்தால் குற்றவியல் சட்டம் முழுவதும் கோலாலம்பூர் நாடாளுமன்றத்தின் அதிகாரம். தஞ்சோங் மாலிம் பக்கம் பெர்ணாம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி சிலாங்கூருக்குள் நுழைந்தாலும், பேராக்கிலேயே வட்டமடித்தாலும் எனக்கு ஒரே பீனல் கோட்தான்.

அமெரிக்கச் சட்டத்தில் விபசாரம் என்று எழுதியதோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. கூடவே "வேறு எந்த ஒழுக்கக்கேடான நோக்கத்துக்காகவும்" என்று ஒரு வாலைச் சேர்த்துவிட்டார்கள். ஒழுக்கம் எது, கேடு எது என்று யார் சொல்வது? அதை வைத்துக்கொண்டு முதலில் துரத்தப்பட்டவர்களில் ஒருவர் ஜாக் ஜான்சன். உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பர். சட்டம் கையெழுத்தாகி இரண்டு வாரம்கூட ஆகாத 1910 ஜூலை 4 அன்று வெள்ளைக்கார முன்னாள் சாம்பியன் ஜெஃப்ரீஸை ரீனோவில் அடித்து வீழ்த்தினார். அவர் வெள்ளைக்காரப் பெண்களோடு பழகியதும் மணந்ததும் பலருக்குப் பொறுக்கவில்லை. பிட்ஸ்பர்க்கிலிருந்து சிகாகோவுக்கு வர ஒரு பெண்ணுக்குப் பணம் கொடுத்ததை வைத்து வழக்குப் போட்டார்கள். 1913-இல் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி குற்றவாளி என்றது. ஓராண்டும் ஒரு நாளும் சிறை. நாட்டைவிட்டு ஓடினார், 1920-இல் திரும்பி வந்து தண்டனையை அனுபவித்தார், 1946-இல் இறந்தார். மன்னிப்பு வழங்கப்பட்டது 2018-இல். ஒட்டுக்கடையில் "கறுப்பன்னா ஒரு மாதிரி" என்றவர் இந்தக் கதை தெரிந்து சொல்லவில்லை. ஆனாலும் சும்மா சொல்லவில்லை.

வெள்ளைக்காரர்களும் தப்பவில்லை. கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவிலிருந்து திருமணமான இரண்டு ஆண்கள் தங்கள் காதலிகளோடு ரயிலேறி நெவாடா மாநிலத்து ரீனோவுக்குப் போனார்கள். பணம் கைமாறவில்லை, யாரும் யாரையும் விற்கவில்லை. ஒருவர் அந்நாளைய அமெரிக்கக் குடிநுழைவுத் துறைத் தலைவரின் மகன். அதுவும் இந்தச் சட்டத்தின் கீழ் குற்றமே என்று 1917-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1944-இல் சார்லி சாப்ளின்மேலும் இதே சட்டத்தில் வழக்கு. ஜூரி அவரை விடுவித்தது.

சரி, இதெல்லாம் சுங்கை சிப்புட்டுக்கு எதற்கு என்று கேட்பீர்கள்.

நான் பாக்டரி பஸ் ஓட்டிய காலத்தில் எங்கள் தோட்டங்களிலிருந்து பெண்களை ஈப்போ, தாசேக் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஏற்றிப்போவேன். கந்தான், செம்மோர் வழியாகப் பழைய சாலை. மாலை சிஃப்ட் முடிந்து நள்ளிரவு தாண்டித்தான் வீடு திரும்புவோம். தோட்டத்து முச்சந்தியில் பஸ் நிற்கும். பெண்கள் கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு, செம்மண் சேற்றில் லயத்தை நோக்கி நடப்பார்கள். அவர்கள் கதவைத் தட்டும் வரைக்கும் நான் ஹெட்லைட்டை அணைக்கமாட்டேன். மறுநாள் காலை கள்ளுக்கடைப் பக்கம் போனால் பேச்சு எப்படியிருக்கும் தெரியுமா? "ராத்திரி ஒரு மணிக்கு வருது, பாக்டரியாம் பாக்டரி." பால்மரம் வெட்ட விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து இருட்டில் போன தாயைப் பற்றி இவர்கள் ஒன்றும் சொன்னதில்லை. மகள் இருட்டில் திரும்பி வந்தால் மட்டும் ஒழுக்கம் ஞாபகத்துக்கு வந்துவிடும். மலாய்க்காரப் பெண்களையும் விடவில்லை, "மீனா காரான்" என்று அவர்களுக்கும் பட்டம் கட்டினார்கள். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்குப் போனால் மின்சாரம் பிடித்தவளாம்.

அந்தப் பேச்சுக்கும் அமெரிக்கச் சட்டத்தின் வாலுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஏற்றிப்போனவனின் நோக்கத்தை விட்டுவிட்டு ஏறிப்போனவளின் நடத்தையைத் தோண்டுகிற வேலை. உங்கள் நாளிதழ்ப் படத்தில் குந்தியிருந்த பெண்களைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கள்ளுக்கடைப் பேச்சுதான் காதில் விழுந்தது.

அமெரிக்கர்கள் அந்த வாலை வெட்ட 76 ஆண்டு ஆயிற்று. 1978-இல் சிறார் தொடர்பான பகுதியைத் திருத்தினார்கள். 1986-இல் ஒழுக்கக்கேடு என்ற பேச்சையே எடுத்துவிட்டு, விபசாரம் அல்லது சட்டப்படி குற்றமாகும் பாலியல் செயல் என்று வரையறுத்தார்கள். ஆண், பெண் என்ற பேதமும் போயிற்று. கோம்ப்ஸ் வழக்கில் கூட்டிவரப்பட்டவர்களில் ஆண்களும் இருந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். இன்று பெரியவர்களைக் கொண்டுபோனால் 10 ஆண்டு வரை சிறை. ஆசை காட்டியோ வற்புறுத்தியோ கிளப்பினால் 20 ஆண்டு வரை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைக் கொண்டுபோனால் 10 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை. சிறுமிகளைச் சீரழித்த அமெரிக்கப் பணக்காரர் எப்ஸ்டீன் விவகாரத்தில், அவருடைய கூட்டாளி கிலேன் மேக்ஸ்வெல்லுக்கு 2022-இல் கிடைத்த 20 ஆண்டிலும், சிறுமியைக் கொண்டுபோன குற்றம் ஒன்று உண்டு.

பேத்தி சொன்ன இன்னொரு வழக்கு எனக்கு மிகவும் பிடித்தது, ஓட்டுநர் புத்தி அப்படி. நெப்ராஸ்கா மாநிலத்தில் விபசார விடுதி நடத்திய ஒரு தம்பதி, அங்கே வேலை செய்த இரண்டு பெண்களைக் காரில் ஏற்றிக்கொண்டு யெல்லோஸ்டோன் பூங்காவுக்கும் சால்ட் லேக் நகரத்துக்கும் சுற்றுலா போய்த் திரும்பினார்கள். திரும்பி வந்த பெண்கள் பழைய வேலைக்கே போனார்கள். எல்லை தாண்டிவிட்டார்கள், வந்த இடமும் விபசார விடுதி, ஆகவே குற்றம் என்று கீழ் நீதிமன்றம் தண்டித்தது. 1944-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. போனது ஊர் சுற்ற, வந்தது வீடு திரும்ப, பயணத்தின் நோக்கத்தில் குற்றமில்லை என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். விடுதி நடத்தியதற்கு மாநிலச் சட்டம் இருக்கிறது, அது வேறு. டயர் எந்தக் கோட்டைத் தாண்டியது என்பதைவிட ஏற்றும்போது மனசில் என்ன இருந்தது என்று பார்க்கச் சொன்ன அந்தத் தீர்ப்பை எழுதியவர் நிச்சயம் நன்றாக வண்டி ஓட்டக்கூடியவராக இருந்திருப்பார்.

இனி நம் சட்டம். நம்மிடம் சட்டமில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. பீனல் கோட் 372-ஆம் பிரிவு, விபசாரத்துக்காக ஒருவரை விற்பது, வாங்குவது, வாடகைக்கு விடுவது, பொய் சொல்லி நாட்டுக்குள் கொண்டுவருவது அல்லது வெளியே கொண்டுபோவது, இடைத்தரகனாக நிற்பது எல்லாவற்றையும் பிடிக்கிறது. 15 ஆண்டு வரை சிறை, பிரம்படி, அபராதம். அப்புறம் 2007-ஆம் ஆண்டின் ஆள்கடத்தல் தடைச் சட்டம். 2010-இல் குடியேறிகளைக் கடத்துவதும் அதில் சேர்ந்தது, 2015-இலும் 2022-இலும் திருத்தினார்கள். ஆளைச் சேர்ப்பது, ஏற்றிச்செல்வது, கைமாற்றுவது, ஒளித்துவைப்பது, பெற்றுக்கொள்வது எல்லாம் அதில் அடக்கம். கடத்தப்பட்டவர் சம்மதித்தார் என்று கடத்தியவன் வாதாட முடியாது. அவருடைய பழைய வாழ்க்கையைக் கிளறவும் முடியாது. அனுமதியில்லாமல் நாட்டுக்குள் வந்ததற்காக அவர்மீது வழக்குப் போடக்கூடாது என்றும் பாதுகாப்பு உண்டு. ஆள் சிறுவர் என்றால் அடித்தானா மிரட்டினானா என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை. இதையெல்லாம் பேத்தி வாசிக்க வாசிக்க நான் உங்கள் படத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய வாழ்க்கையை நீதிமன்றத்தில்கூடப் பேசக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. செய்தியில் மட்டும் மணிக்கு எத்தனை வெள்ளி என்று போடலாமா?

372-இல் இன்னொரு பகுதி இருக்கிறது. அதைக் கேட்டபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஒருவரை ஓரிடத்தில் தடுத்துவைப்பது என்றால் பூட்டிவைப்பது மட்டுமில்லை. அவருடைய உடைமையைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வதும், கடன் பாக்கி என்று வழக்குப் போடுவதாக மிரட்டுவதும், அதிகாரமில்லாமல் அடையாளக் கார்டையோ கடப்பிதழையோ பிடித்துவைப்பதும் அதில் வரும். ஏன் எழுந்தேன் என்று சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தீபாவளி கழிந்த வாரம். பள்ளி விடுமுறை, வேன் சும்மா கிடந்தது. ஓர் அம்மாள் வந்து ஜொகூர் பாருவுக்கு இரவோடு இரவாக வாடகை கேட்டார். எல்லாரும் அவரை அக்கா என்றார்கள். நல்ல சேலை, நல்ல பேச்சு, நெற்றி நிறையக் குங்குமம். நான் கேட்கும் முன்னாலேயே வழக்கமான வாடகையைவிடக் கூடுதலாகத் தருகிறேன் என்றார். கூடுதலாகக் கொடுக்கிற ஆளைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். வேன் நிறுத்தும் மரத்தடியில் பெண்கள் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள், எல்லாருக்கும் பதினெட்டு பத்தொன்பது வயதிருக்கும். ஒருத்தி தலையணையையும் உறையோடு கொண்டுவந்திருந்தாள். அக்கா கைப்பையைத் திறந்தபோது உள்ளே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஐசிக்கள், அதாவது அடையாளக் கார்டுகள், தெரிந்தன.

"அதை அவங்கவங்க கையில கொடுத்துடுங்க, ஏத்திக்கிறேன்" என்றேன்.

"தொலைச்சிடுவாங்க அங்கிள், சின்னப் புள்ளைங்க."

"சின்னப் புள்ளைங்கன்னா வீட்டு ஆள் ஒருத்தராவது கூட வரணுமே."

அதற்குப் பதில் இல்லை. தலையணை வைத்திருந்த பெண்ணிடம் எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சொன்னாள். அவளுடைய பாட்டி எனக்குத் தெரிந்தவர், ஆயாக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். என்ன வேலை என்று கேட்டதற்கு முதலில் பாக்டரி என்றாள், பிறகு சிங்கப்பூரில் உணவகம் என்றாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். "ஓட்டுறவருக்கு எதுக்கு லா இவ்வளவு கேள்வி?" என்று அக்காவுக்குக் கோபம். ஓட்டுகிறவன்தானே கேட்க வேண்டும்? கடைசியில் வேறொரு வேன் வந்தது. தலையணைப் பெண் மட்டும் போகவில்லை. அவள் ஐசியைத் திரும்ப வாங்க, பக்கத்துக் கடைக்காரரும் நானும் சேர்ந்து சத்தம்போட வேண்டியிருந்தது. "பாஸ்போர்ட்டுக்கு, டிரஸ்ஸுக்கு எல்லாம் செலவு பண்ணியிருக்கேன், யார் கொடுப்பா?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் ஐசியைத் தரையில் போட்டார். வேன் எண்ணைக் குறித்துக்கொண்டு போய்க் காவல் நிலையத்தில் கொடுத்தேன். எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெண் இப்போது கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறாள், என்னைப் பார்த்தால் சிரிப்பாள். மற்றவர்கள் போனது ஒருவேளை நல்ல உணவகமாகவே இருந்திருக்கலாம். அந்த அம்மாள்மேல் நான் பழி போடவில்லை. கார்டைக் கட்டிவைத்ததும் கடன் கணக்குப் பேசியதும்தான் நான் கண்ணால் பார்த்தது. அந்த இரண்டும் பீனல் கோடில் எழுதியிருக்கிறது என்று இத்தனை காலம் கழித்துப் பேத்தி வாசித்தால், உட்கார்ந்திருக்க முடியுமா?

கடன் கணக்கு நமக்குப் புதிதுமில்லை. என் தாத்தா கங்காணி பேச்சைக் கேட்டு நாகப்பட்டணத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். அமெரிக்காவில் மான் சட்டம் வந்த அதே 1910-இல்தான் மலாயாவுக்கு இந்தியர்களை ஒப்பந்தக் கூலியாகக் கொண்டுவரும் முறையை நிறுத்தினார்கள். கங்காணி ஆள் பிடிப்பது அதற்குப் பிறகும் 1938 வரை நடந்தது. கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். அந்தக் கங்காணியின் பேரன் பேத்திகள் இப்போது வாட்ஸ்அப் புலனத்தில் ஆள் பிடிக்கிறார்கள் போலிருக்கிறது. தங்குமிடம் இலவசம், சாப்பாடு இலவசம், அனுபவம் தேவையில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் தொழில்காரர்கள் கோபிப்பார்கள். சோதனையில் ஓட்டுநர்தான் முதலில் மாட்டுகிறான். குடியேறிகளைக் கடத்தும் வழக்குகள் சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டத்தின் கீழ் வருவதால் 28 நாள் வரை தடுத்துவைக்கலாம், ஜாமீனும் சுலபமில்லை. நூறு இருநூறு வெள்ளிக்கு நடை அடித்தவன் உள்ளே, டிக்கெட்டுக்குப் பணம் போட்டவன் வெளியே என்றால் அதுவும் ஜாக் ஜான்சன் கதைதான். தெரிந்து ஏற்றினானா, தெரியாமல் ஏற்றினானா என்று பார்க்க வேண்டும். வாடகையை யார் கொடுத்தார் என்று கேட்டுக்கொண்டே மேலே போனால் முதலாளி வீடு வரும்.

ஆண்டுதோறும் அமெரிக்க வெளியுறவுத் துறை நம் நாட்டுக்கு ஆள்கடத்தல் விஷயத்தில் தரம் போடுகிறது. 2021-லும் 2022-லும் மலேசியாவைக் கடைசித் தரத்தில் வைத்தார்கள், 2023-இல் கண்காணிப்புப் பட்டியலுக்கு ஏற்றினார்கள், 2024-இல் இரண்டாம் தரம். நீங்களும் முதல் பக்கத்தில் போட்டீர்கள். தரம் போடுகிறவனின் சொந்த வரலாற்றையும் ஒரு ஞாயிறு பதிப்பில் போடுங்கள், வாசகர்களுக்குச் சுவையாகவே இருக்கும்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. சோதனைச் செய்தி போடும்போது பெண்கள் குந்தியிருக்கும் படத்தை விடுங்கள். கட்டடத்தின் கதவைப் படம் பிடித்தால் போதாதா? அவர்களை எந்த வழியாக யார் அழைத்துவந்தார், கடப்பிதழ்கள் யார் அலமாரியில் கிடைத்தன, எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவில் விசாரணை என்று நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள். போலீஸ் அன்றைக்குச் சொல்லாவிட்டால் வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்போது மறுபடியும் போகச் சொல்லுங்கள். சோதனை நடந்த மறுநாள் அரைப்பக்கம், தீர்ப்பு வரும் நாளில் ஒன்றுமில்லை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்கள் விளம்பரப் பக்கத்தையும் பாருங்கள். "இளம் பெண்கள் உடனடியாகத் தேவை, வெளியூர் வேலை, அழைக்கவும்" என்று ஒரு கைப்பேசி எண் மட்டும் போட்டு வரும் விளம்பரங்கள் இப்போதும் இருக்கின்றன. ஆள் பிடித்துக் கொடுக்கும் தொழிலுக்கு 1981-ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் சட்டப்படி தொழிலாளர் இலாகாவின் உரிமம் வேண்டும். உரிமம் காட்டாதவரின் விளம்பரத்தை வாங்காதீர்கள். விளம்பரக் காசு குறையும், தெரியும். அந்தப் பக்கத்தின் அடியில் தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999-ஐப் பெரிய எழுத்தில் போடுங்கள். எங்கள் ஊரில் நாளிதழை முழுதாக வாசிக்காத பெரியவர்கள்கூட விளம்பரப் பக்கத்தையும் மரண அறிவித்தலையும் பார்க்காமல் மடிப்பதில்லை.

ஆசிரியர்களுக்கும் பள்ளி வேன் ஓட்டுநர்களுக்கும் ஒரு சேதியைச் சேர்த்துப் போட்டால் நல்லது. 2017-ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு அப்படியொன்று நடந்தது அல்லது நடக்கப்போகிறது என்று தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாமல் இருந்தால் 5,000 வெள்ளி வரை அபராதம். பிள்ளையோடு கைப்பேசியில் நைசாகப் பேசிப் பழக்கம் பிடிப்பதும் அதே சட்டத்தில் குற்றம். மலேசியர் வெளிநாட்டில் செய்தாலும் விடாது. எங்கள் வேன்காரர்கள் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது பாதிப் பேருக்குத் தெரியவில்லை, மீதிப் பேர் தெரிந்த மாதிரி தலையாட்டினார்கள்.

இந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது பேத்தி. சட்டப் பிரிவு எண்கள் அவள் பொறுப்பு, மற்றதெல்லாம் என் பொறுப்பு. என் பெயரைப் போட வேண்டாம், அந்தப் பெண் இதே ஊரில்தான் இருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
சுங்கை சிப்புட், பேராக்.